கலயத்துச் சுண்ணாம்பு

திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் மாறி மாறி வருகிற பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, விடிவதற்கு முன்னே பனையேறி ஒருவர் மரத்தடியில் குந்தியிருந்து கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவுகிற காட்சி புதிதன்று. முந்தின நாள் இறக்கிய கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து நீர் வடியவிட்டு, குழைத்த சுண்ணாம்பிலே நார்க்கற்றை ஒன்றைத் தோய்த்து, கலயத்தின் உள்வயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். அரை நிமிஷத்து வேலை. அதன் பின்பே தளைநாரைக் காலில் மாட்டுவதும், அருவாள்பெட்டியை இடுப்பில் கட்டுவதும், மரத்தை அணைத்து ஏறிப் பாளையை மெல்லிதாகச் சீவிக் கலயத்தைத் தொங்கவிடுவதும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டுச் சொட்டாய் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவதோ வெயில் ஏறுவதற்குள் நுரைக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே, ஊறுகிற சாறும் ஒன்றே. பச்சைப் பிள்ளைக்கும் ஓலைப்பட்டையில் வார்த்துக் கொடுக்கத்தக்க பானத்துக்கும், குடித்தவன் கூலியை வீட்டுக்குக் கொண்டுபோக விடாத பானத்துக்கும் உள்ள பேதம், எவரும் பார்த்திராத அந்த இருட்டிலே, மண்ணில் குந்தியிருந்த அந்த அரை நிமிஷத்திலேயே தீர்ந்துபோய்விடுகிறது.

கிறிஸ்தவ விசுவாசத்துக்கும், ஒருவன் அன்றாடம் செய்துகொள்ளும் தீர்மானங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கலயமே முன்னால் வந்து நிற்கிறது. நம் ஊர்களில் பந்தல் போட்டு நடக்கும் உஜ்ஜீவனக் கூட்டங்களிலே, பிரசங்கியார் குரலை உயர்த்தி, இன்றைக்கே, இந்த நிமிஷமே தீர்மானம் செய்யுங்கள் என்று அழைப்பதையும், கண்ணீரோடு பலர் எழுந்து முன்னே போவதையும் சிறு பிராயம் முதல் கண்டிருக்கிறேன்; அந்தக் கண்ணீரைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு பனையேறியிடம் போய், "அண்ணாச்சி, சுண்ணாம்பு தடவணும்னு என்னைக்கு முடிவு பண்ணினிய?" என்று கேட்டால், கேட்டவனுக்கு வெயில் தாக்கிவிட்டதோ என்றுதான் அவர் எண்ணுவார். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு இன்றைக்கு உதவாது. இன்றைக்குத் தடவுவது நாளைக்கு எட்டாது. பங்குனியில் பாளை விட்டது முதல் ஆடியில் மரம் ஓயும் வரைக்கும், நாள் தவறாமல், முப்பது மரத்துக்கு முப்பது கலயம் என்று தடவிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இவ்விஷயத்தில் அறிந்தோ அறியாமலோ நமக்கு ஓர் உபகாரம் செய்து வைத்திருக்கிறார்கள். பலவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்கு அவர்கள் பெரும்பாலும் வழங்கிய சொல் 'தெரிந்துகொள்ளுதல்' என்பது. சீகேமிலே ஜனங்களைக் கூட்டி நிறுத்தி, யாரைச் சேவிப்பதென்று யோசுவா கேட்கிற இடத்திலும் அச்சொல்லே. மார்த்தாள் அடுக்களையில் அல்லாடிக்கொண்டிருக்க, இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்துவிட்ட மரியாளைப் பற்றிச் சொல்லுகிற இடத்திலும் அச்சொல்லே. இக்காலத்துத் தமிழனுக்குத் தெரிந்துகொள்ளுதல் என்றால் அறிந்துகொள்ளுதல். பழைய தமிழனுக்கோ அது ஆராய்ந்து எடுத்தலும் ஆகும் என்பதைத் திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துவினையாடல் என்று வரும் அதிகாரப் பெயர்களே காட்டும். அறிவதும் எடுப்பதும் ஒரே வினையாக இருக்கிற பாஷையில் பிறந்தவனுக்கு, நல்லது எதுவென்று தெரியும், ஆனால் எடுக்கத்தான் முடியவில்லை என்று சொல்லும்போது வாய் சற்றுக் கூசவேண்டும். (மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பது வேதவாக்கியம், இருந்தாலும், பதினான்காம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்து எக்கார்ட் என்னும் துறவி, பக்குவம் முதிர்ந்தவள் மார்த்தாளே என்று துணிந்து பிரசங்கித்தார். சமைத்துப் போடுகிறவர்களின் பக்கம் பேசுகிற ஒரு குருவானவர் எந்தக் காலத்திலும் அபூர்வமாகையால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.)

அன்றாடத் தீர்மானம் என்பதன் சிக்கல் முழுவதையும் பார்க்க விரும்புகிறவன் கொரிந்து பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போகவேண்டும். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய நகரம் அது. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்து, பல தேசத்து ஜனங்களும் பல தேசத்துத் தேவதைகளும் வந்து குவிந்த ஊர். கோவிலிலே பலியிட்ட ஆடுமாடுகளின் இறைச்சியில் பலிபீடத்துக்கும் பூசாரிக்கும் போக மிஞ்சியது கடைக்கு வரும். வைத்திய தேவதையான அஸ்கிலேப்பியுவின் கோவிலை ஒட்டி விருந்து மண்டபங்கள் இருந்ததை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். கலியாணமோ, பிள்ளை பிறந்ததோ, நோய் தீர்ந்ததோ, சிநேகிதன் அழைத்தால் அங்கேதான் சாப்பாடு. இந்த ஊரிலே புதிதாய்க் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்ட சிறு கூட்டம் ஒன்று, இந்த இறைச்சியை வாங்கலாமா, தின்னலாமா என்று தங்களுக்குள் இரண்டுபட்டது. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகையால் இறைச்சி வெறும் இறைச்சியே என்றனர் ஒரு சாரார். நேற்று வரைக்கும் அந்தத் தேவதையைத் தொழுதுவிட்டு, இன்றைக்கு அந்தத் துண்டு தொண்டையில் இறங்காமல் தவித்தனர் மற்றொரு சாரார். அந்நகரில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்து போதித்தவரான பவுல், பின்னர் எபேசுவிலிருந்து எழுதிய நிருபத்திலே மூன்று அதிகாரங்களை இதற்கென்றே செலவழித்தார்.

சட்டப் புத்தகத்தைத் தேடுகிறவன் அந்த மூன்று அதிகாரங்களில் ஏமாந்தே போவான். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிற கட்சிக்காரரின் தத்துவத்தைப் பவுல் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் அந்தத் தத்துவத்திலிருந்து அவர்கள் இறங்கி வருகிற முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. தேவதையின் பந்தியிலே போய் உட்காராதே என்கிறார். கடையில் விற்பதை, எங்கிருந்து வந்ததென்று துருவாமல் வாங்கிக்கொள் என்கிறார். அவிசுவாசியான சிநேகிதன் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் இலையில் வைத்ததைக் கேள்வியின்றிச் சாப்பிடு என்கிறார். அப்படிச் சாப்பிடும்போது பக்கத்திலிருப்பவன் ஒருவன், இது படைத்தது என்று சொல்லிவிட்டால், அவன் நிமித்தமாகக் கையை எடுத்துவிடு என்கிறார். இறைச்சி முன்பிருந்த அதே இறைச்சிதான். அடுப்பும் சட்டியும் மாறவில்லை. ஒரு மனிதன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவே. பண்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய காரியம், அந்த ஒரு வார்த்தையினால் பக்கத்திலிருப்பவனுடைய மனத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டிய காரியமாகிவிடுகிறது. எனக்குச் சுயாதீனம் உண்டு என்பதில் பவுல் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சுயாதீனத்தை எவன் முன்னிலையில் பிரயோகிக்கிறேன் என்பதைப் பார் என்பதே அவர் பேச்சு.

கொரிந்துவுக்கும் தாமிரபரணிக் கரைக்கும் தூரம் அதிகமில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று எங்கள் அண்டை வீட்டிலிருந்து கொழுக்கட்டைத் தட்டு வரும், வருஷந்தோறும் வரும். படைத்ததைத் தின்னலாகாது என்பதிலே என் தாயார் மிகவும் கண்டிப்பானவர். ஆனால் நீட்டின தட்டை மறுப்பதும் அவருக்கு வராது. ஒரு வருஷம், தட்டை வாங்கின கையோடு வாசற்படியிலே அவர் ஒரு கணம் தயங்கி நின்றதை அந்த அம்மாள் கவனித்துவிட்டார்.

"யோசிக்காதீய அக்கா. படைக்கதுக்கு முந்தியே ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன். சாமிக்குக்கூட இனிமேத்தான்."

கொழுக்கட்டை அவித்து இறக்கினவுடனே, தம் தெய்வத்துக்கு வைக்குமுன், அயல் வீட்டுக் கிறிஸ்தவளுக்கு என்று ஒரு பங்கை வேறே எடுத்து மூடி வைத்திருக்கிறார் அந்த அம்மாள். அவர் பவுலின் நிருபத்தை வாசித்தவரல்லர்; எழுத்துக்கூட்டி வாசிக்கவே தெரியாதவர். பிறனுடைய மனச்சாட்சியை முன்னிட்டு உன் கையை அடக்கிக்கொள் என்று பவுல் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கட்டளையை, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை அவிக்கிற அடுப்படியிலே அவர் நிறைவேற்றியிருந்தார். அவருக்கும் இது சின்ன விஷயமாயிருந்திராது. தெய்வத்துக்கு முந்தி மனுஷருக்கு எடுக்கலாமா என்று அவர் வீட்டில் ஒரு கிழவியேனும் கேட்டிருப்பாள். எங்கள் சபையிலே அந்நாட்களில் நான் கேட்ட பிரசங்கங்கள் அநேகம்; இவ்விஷயத்தில் அந்தத் தட்டுக்கு ஈடாகச் சொல்லத்தக்கது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மனச்சாட்சி என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வேதாந்த சாஸ்திரத்திலே சாட்சி என்பது பார்த்துக்கொண்டிருப்பது. காரியத்தில் கலவாதது, களங்கப்படாதது. கிறிஸ்தவர்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் உத்தியோகம் மாறிற்று. இவர்களுடைய சாட்சி கச்சேரியிலே கூப்பிட்டால் வந்து கூண்டில் ஏறிச் சொல்லவேண்டியவன். தேவைப்பட்டால் தன்னைக் கொண்டு வந்தவனுக்கு விரோதமாகவும் சொல்லவேண்டியவன். 1521-இல் வோர்ம்ஸ் நகரத்துச் சபையில் சக்கரவர்த்திக்கு முன்பாக லூத்தர் நின்று, தாம் எழுதினவற்றை மறுதலிக்க மாட்டேன் என்றபோது, காரணமாகச் சொன்னது இந்தச் சாட்சியைத்தான். அது சரித்திரத்தில் ஏறிவிட்டது. கொழுக்கட்டைத் தட்டு ஏறவில்லை.

வெளியேயிருந்து வரும் சட்டம் எவ்வளவு தூரம் இந்த வேலையைச் செய்யும் என்பதற்கும் கலயமே உதாரணமாகிறது. 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. அதன் பிறகு சுண்ணாம்பு தடவாத கலயம் மரத்திலே தொங்கினால் அது குற்றத்துக்குத் தடயமாயிற்று. அன்று முதல், போலீஸுக்குப் பயந்து தடவினவன் யார், தேவனுக்குப் பயந்து தடவினவன் யார் என்று பதநீரைக் குடித்துப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. உள்ளத்தில் மனமில்லாமல் தடவின சுண்ணாம்பு வீண் என்று ஞானிகள் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லத் துணியேன். அந்த வீட்டுப் பெண்சாதிக்கு அன்று மாலை புருஷன் தெளிந்த கண்ணோடு வந்து சேர்ந்தான் அல்லவா? ஆனால் போலீஸ் இல்லாத விடியற்காலங்களும் வரும். அப்போது என்ன செய்கிறான் என்பதே விசுவாசம் கேட்கிற கேள்வி.

இனிப் பழக்கம் என்னும் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளிலே கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமைப்பதற்கு அரிசியை உழக்கால் அளந்து முறத்திலே போட்டவுடன், களைவதற்கு முன்பாக, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பானையில் போடுவார்கள்; ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். வெள்ளாளன்விளையிலே ஒரு குருவானவரின் மகனாய் 1874-இல் பிறந்து, 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சராகி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லிலே ஏழைச் சபைகளின் நடுவில் வாழ்ந்த அசரியா, கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வடகிழக்கே மிசோ மலைகளிலும் 1910 முதல் பெண்கள் இதே பிடியரிசியை எடுத்துவைத்து வருகிறார்கள். காஞ்சிப் பெரியவர் தம் அடியார்களுக்குச் சொன்ன பிடியரிசித் திட்டமும் இதற்குச் சகோதரமே. பணமென்று கையில் காலணாவும் புழங்காத பெண்ணுக்குச் சுதந்தரமாய்க் கொடுக்கத்தக்கதாக வீட்டில் இருந்த பொருள் அந்த உழக்கு அரிசி ஒன்றுதான். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றிய சுவிசேஷக் கதையை அவளுக்கு வியாக்கியானம் செய்யவேண்டிய அவசியமில்லை.

என் தாயார் அதை எடுப்பதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அடுப்பிலே ஓலை புகைந்துகொண்டிருக்கும், கை மாத்திரம் தானே போய் அள்ளித் தானே பானையில் போட்டுவிட்டு வரும். இது தீர்மானமா, வெறும் கைப்பழக்கமா என்று வாலிபத்தின் கர்வத்தில் நான் ஒருமுறை யோசித்ததுண்டு. அகுஸ்தீன் தம் அறிக்கைகளிலே, இச்சைக்கு இணங்கினால் அது பழக்கமாகிறது, பழக்கத்தை எதிர்க்காவிட்டால் அது நிர்ப்பந்தமாகிறது என்று சங்கிலியின் கண்ணிகளைப்போல் கோத்துக் காட்டுகிறார். 386-ஆம் ஆண்டு மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றிலே அந்தச் சங்கிலி அறுந்த கதையைச் சொல்லுகிறார். அவரை வாசித்த மயக்கத்தில், பழக்கமெல்லாம் சங்கிலியே, சங்கிலி அறுவதே விசுவாசம் என்று எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைத் திருத்தியது ஒரு பஞ்ச காலம். அரிசி பங்கீட்டில் கிடைத்துக்கொண்டிருந்த யுத்த நாட்கள்; வீட்டில் வாய்கள் ஏழு. ஒருநாள் தாயாரின் கை வழக்கம்போல் போய் அள்ளிற்று. அள்ளினபடியே முறத்தின் மேல் நின்றது. விரிந்த கையிலே அரிசி கூம்பாய் நிற்கும். மூடினால் ஓரத்து மணிகள் உதிரும். அவர் கையைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார், மெதுவாக விரல்களை மூடினார். ஓரத்து மணிகள் முறத்திலே உதிர்ந்தன. மூடின பிடி பானைக்குப் போயிற்று. அதன் பிறகு அந்தப் பஞ்சம் தீரும் வரைக்கும் மூடின பிடிதான். ஒருநாளும் வெறுங்கையாய்ப் போகவில்லை. பல வருஷத்துப் பழக்கம் அந்தக் கையை முறம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து மேலே தீர்மானம் எடுத்துக்கொண்டது. பழக்கம் மாத்திரம் இல்லாதிருந்தால் அன்றைக்குக் கை அங்கே போயே இராது.

மனப்பாடமாய்ச் சொல்லும் ஜெபத்தைப் பற்றியும் இப்போது எனக்கு இளக்காரம் இல்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழ் அறியாதவராய், இரு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி நெட்டுருப் போடவைத்தார். தம் உடன் ஊழியருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் ஒரு பிழையைத் திருத்துகிறார்: விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்ற சொல் வந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு விசுவாசிக்கிறேன் என்று பொருள்படும் சொல்லை இடுக என்பது அதன் சாரம். அதுவரைக்கும் அந்தப் பரதவர் குடிசைகளிலே காலையும் மாலையும் கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். திருத்தம் சரியானது, ஆனாலும் அந்தப் பிழையை முற்றிலும் பிழையென்று கொள்ள எனக்கு இஷ்டமில்லை. விசுவாசம் என்பது அன்றாடம் இறங்கி வருகிற இடம் 'வேணும்', 'வேண்டாம்' என்னும் இரண்டு சொற்கள்தானே.

சுண்ணாம்பு கூடிவிட்டாலும் கெடுதிதான் என்பதையும் மறைக்கலாகாது. கூடினால் பதநீர் நாக்கைப் பிடிக்கும். கருப்பட்டியும் உருசி கெடும். மனச்சாட்சியைத் தேய்த்துத் தேய்த்து, எதைத் தொட்டாலும் பாவமென்று நடுங்குகிற பக்தர்களை நான் அறிவேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில் அந்தக் காரல் தெரியும். பனையேறிக்கு ஓய்வுநாளே ஒரு சோதனை. பாளையை நாள்தோறும் சீவவேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுபோகும். ஞாயிறன்று ஏறலாமா? ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்ட கேள்வியை, எருது இல்லாத ஊரில் பாளைக்கு வைத்துப் பார்க்கவேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் முதல் மணி அடிப்பதற்குள் ஏறி இறங்கிவிட்டு, தலையிலே பாளைத் தூசியோடு ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். அன்றைய பதநீரை விற்கமாட்டார், வருகிறவர்களுக்கெல்லாம் பட்டை பிடித்து வார்த்துவிடுவார். அவர் செய்தது சரியா என்று சபையிலே இரண்டு அபிப்பிராயம் இருந்தது. இரண்டு கட்சியாரும் பதநீர் குடித்தார்கள்.

அந்தக் கொழுக்கட்டைத் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அன்று சாயங்காலம் தாயார் தட்டைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு, எதை வைத்து அனுப்புவது என்று உறியையும் அலமாரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் வெகுதூரத்தில் இருந்தது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இல்லை. கைப்பிடி அரிசிப் பானையின் மேல் ஒரு கணம் அவர் கை போயிற்று, பிறகு அது அவருடையதல்ல என்று நினைத்தார் போலும், திரும்பி வந்தது. கடைசியில் ஓலைக்கொட்டானைத் திறந்து இரண்டு வட்டுக் கருப்பட்டியை எடுத்து, மேலே ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு, தட்டிலே வைத்து என் கையில் கொடுத்து, "ஓடிப்போய்க் குடுத்துட்டு வா, விளக்கு வைக்கதுக்கு முந்தி" என்றார்.